மீயொலியால் பழுது கண்டறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர்கள், கட்டுமானத் தளப் பொறியாளர்கள், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பட்டயப் படிப்பு மாணவர்கள் ஆகியோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பொருளைச் சிதைக்காமல் அதன் உள்ளிருக்கும் பழுதை அறியும் முறைகளை என்.டி.டி. என்றும், அவற்றுள் காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலியான மீயொலியைக் கொண்டு செய்வதை யூ.டி. என்றும் தொழிலில் சொல்கிறோம். அந்தச் சொற்களையே இங்கும் பயன்படுத்தியிருக்கிறேன்.

மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவதும் யூ.டி.யும் ஒன்றுதானா?

உறவு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பானையை விரலால் சுண்டும்போது பானை முழுவதும் அதிர்கிறது. கீறல் இருந்தால் அதன் இரு ஓரங்களும் உரசிக்கொண்டு அதிர்வை விழுங்கிவிடுவதால், கணீரென்று ஒலிக்க வேண்டிய பானை சத்தமடங்கி ஒலிக்கிறது. ரயில் நிலையங்களில் நீண்ட கைப்பிடிச் சுத்தியலால் பெட்டிகளின் சக்கரங்களைத் தட்டிக்கொண்டே போன ஊழியர்கள் செய்ததும் இதைத்தான்.

இந்த முறையின் எல்லை அலைநீளத்தில் இருக்கிறது. 1,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒலி உருக்கினுள் நொடிக்கு ஏறக்குறைய 5,900 மீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் அலைநீளம் 6 மீட்டரை ஒட்டி இருக்கும். அப்படிப்பட்ட அலைக்கு 3 மி.மீ. விரிசல் இருப்பதும் இல்லாததும் ஒன்றே. காது கேட்கும் உச்ச வரம்பான 20,000 ஹெர்ட்ஸுக்குப் போனாலும் அலைநீளம் 30 செ.மீ. அளவிலேயே நிற்கிறது. மில்லிமீட்டர் அளவுள்ள பழுதைக் காண வேண்டுமானால் அலைநீளத்தையும் மில்லிமீட்டருக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு மெகாஹெர்ட்ஸ் அளவிலான, காதுக்கு எட்டாத ஒலி தேவைப்படுகிறது.

கருவிக்குள் என்ன நடக்கிறது?

புரோப் என்று நாம் கையில் பிடிக்கும் சிறு பெட்டிக்குள் ஒரு மெல்லிய வில்லை இருக்கிறது. மின்னழுத்தம் கொடுத்தால் தடிமன் மாறுவதும், அழுத்தினால் மின்னழுத்தம் தருவதும் அந்த வில்லையின் பண்பு. சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றுவதை 1880-இல் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் கண்டறிந்தார்கள். இன்று படிகத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் பீங்கான் வகைப் பொருள்களே வில்லைகளாகப் பயன்படுகின்றன. கருவி ஒரு நொடிநேர மின்துடிப்பைக் கூட அல்ல, அதைவிட மிக மிகக் குறுகிய துடிப்பை வில்லைக்கு அனுப்பிவிட்டு, அதே வில்லையைக் கொண்டே திரும்பிவரும் ஒலிக்காகக் காத்திருக்கிறது.

25 மி.மீ. தடிமனுள்ள உருக்குத் தகட்டின் மேல் நேர்ப் புரோப்பை வைத்தால், ஒலி அடிப்பரப்பைத் தொட்டுத் திரும்ப ஏறக்குறைய 8.5 மைக்ரோவினாடி ஆகும். இதுவே பின்சுவர் எதிரொலி. தகட்டை உருட்டித் தயாரித்தபோது நடுவில் ஓர் அடுக்குப் பிளவு 10 மி.மீ. ஆழத்தில் உண்டாகியிருந்தால், 3.4 மைக்ரோவினாடியிலேயே ஓர் எதிரொலி எழும். பின்சுவர் எதிரொலி குறுகிப்போகும் அல்லது காணாமலே போகும். திரையின் கிடைக்கோடு காலத்தையும் அதன்வழித் தொலைவையும் காட்டுகிறது. செங்குத்துக் கோடு திரும்பிவந்த ஒலியின் வலிமையைக் காட்டுகிறது. கருவி தருவது இவ்வளவே. அது விரிசலா, கசடா, வெறும் மூலையா என்பதைக் கருவி சொல்வதில்லை. சோதிப்பவர்தான் சொல்ல வேண்டும்.

எண்ணெயோ கிரீஸோ தடவாமல் சோதிக்க முடியாதா?

வழக்கமான புரோப்புகளைக் கொண்டு முடியாது. உருக்குக்கும் காற்றுக்கும் ஒலியைக் கடத்தும் தன்மையில் உள்ள வேறுபாடு மிகப் பெரியது என்பதால், இரண்டும் சந்திக்கும் எல்லையில் மெகாஹெர்ட்ஸ் ஒலி ஏறக்குறைய முழுவதுமாகத் திரும்பிவிடுகிறது. புரோப்புக்கும் தகட்டுக்கும் இடையில் தாள் அளவுக்குக் காற்று இருந்தாலும் ஒலி உள்ளே இறங்காது. எனவே எண்ணெய், கிரீஸ், கிளிசரின், தண்ணீரில் கரைத்த செல்லுலோஸ் பசை என்று ஏதாவது ஒன்றைத் தடவிக் காற்றை வெளியேற்றுகிறோம். தொழிலில் இதற்குக் கப்ளண்ட் என்று பெயர். தண்ணீர் நடுவில் இருந்தாலும்கூட உருக்கும் தண்ணீரும் சந்திக்கும் எல்லையைக் கடந்து செல்வது ஆற்றலில் நூற்றுக்குச் சுமார் 12 பங்குதான். ஆனால் அது போதுமானது.

நமக்குத் தொல்லை தரும் இதே பண்புதான் விரிசலையும் காட்டிக்கொடுக்கிறது. விரிசலுக்குள் இருப்பதும் காற்றுதான். முடியின் பருமனைவிடக் குறைவான இடைவெளியே ஆனாலும் ஒலிக்கு அது ஒரு சுவர்.

தொடாமல் சோதிக்கும் முறைகளும் இருக்கின்றன. மின்காந்த விசையால் உலோகத்துக்குள்ளேயே ஒலியை எழுப்பும் புரோப்புகளும், லேசர் துடிப்பால் பரப்பைச் சூடாக்கி ஒலி எழுப்பும் கருவிகளும் சூடான உருட்டாலைகளில் பயன்படுகின்றன. பட்டறை அளவில் அவை தேவைப்படுவதில்லை.

எந்த அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுப்பது? எவ்வளவு சிறிய பழுது வரை தெரியும்?

பொது நடைமுறையில், அலைநீளத்தில் பாதி அளவுக்குக் குறைந்த பழுதை நம்பிக்கையோடு காண முடியாது என்று கொள்கிறோம். துகள்கள் அலை செல்லும் திசையிலேயே அசைந்தால் அது நெட்டலை, குறுக்காக அசைந்தால் அதைவிட மெதுவாகச் செல்லும் குறுக்கலை. உருக்கில் 2 மெகாஹெர்ட்ஸ் நெட்டலையின் நீளம் சுமார் 3 மி.மீ.; 4 மெகாஹெர்ட்ஸ் குறுக்கலையின் நீளம் 0.8 மி.மீ. அப்படியானால் அதிர்வெண்ணைக் கூட்டிக்கொண்டே போகலாமே என்று கேட்பார்கள். உலோகம் என்பது ஒரே சீரான பொருளன்று. அது கோடிக்கணக்கான சிறு மணிகளின் கூட்டம். அலைநீளம் அந்த மணிகளின் அளவை நெருங்க நெருங்க, ஒவ்வொரு மணியும் ஒலியைச் சிதறடிக்கத் தொடங்கி, திரையின் அடியில் புல் முளைத்ததுபோல் இரைச்சல் எழும். நுண்மணி உருக்கில் செய்த பற்றவைப்புகளுக்கு 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் பொருந்தும். பெரிய வார்ப்புகளுக்கு 1 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழும் இறங்க நேரிடும்.

பற்றவைப்பைச் சோதிக்கும்போது மட்டும் சாய்வான புரோப்பை ஏன் பயன்படுத்துகிறார்கள்?

முதல் காரணம், பற்றவைப்பின் மேல்முகடு மேடு பள்ளமாக இருப்பதால் அதன் மேல் புரோப்பை வைக்க இயலாது. பக்கத்திலிருக்கும் தகட்டின் மேல் வைத்துத்தான் ஒலியைச் சாய்வாக உள்ளே அனுப்ப வேண்டும். இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது. பற்றவைப்பில் நாம் அஞ்சும் பழுதுகளான விரிசலும், உருகிய உலோகம் தகட்டின் ஓரத்தோடு ஒட்டாமல் விட்டுப்போன இடமும் பெரும்பாலும் செங்குத்தாகவோ சாய்வாகவோ இருக்கும். நேராக இறங்கும் ஒலிக்கு அவை கத்தியின் விளிம்புபோல் மெல்லியவையாகத் தெரியும். ஒலி ஒரு பழுதின் முகத்தில் செங்குத்தாக மோதினால்தான் வந்த வழியே திரும்பும்.

சாய்கோணப் புரோப்பின் அடியில் அக்ரிலிக் ஆப்பு ஒன்று இருக்கும். ஒளி கண்ணாடிக்குள் நுழையும்போது விலகுவதுபோல, அக்ரிலிக்கிலிருந்து உருக்குக்குள் நுழையும் ஒலியும் ஸ்நெல் விதிப்படி விலகுகிறது. ஆப்பின் கோணத்தைச் சுமார் 28 பாகைக்கு மேல் வைத்தால் நெட்டலை உள்ளே நுழையாமல் நின்றுவிடும். குறுக்கலை மட்டும் செல்லும். 45, 60, 70 பாகை என்று புரோப்பின் மேல் பொறித்திருப்பது உருக்கினுள் அந்தக் குறுக்கலை செல்லும் கோணம். உருக்குக்கென்று செய்த புரோப்பை அலுமினியத்தின் மேல் வைத்தால் அந்த எண் சற்றே மாறிவிடும் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

கணக்கு ஒன்றைப் பார்ப்போம். தகட்டின் தடிமன் 20 மி.மீ., புரோப் 60 பாகை. ஒலி அடிப்பரப்பை அடையும்போது 40 மி.மீ. பயணித்திருக்கும், தகட்டின் மேல் அளந்தால் அது 34.6 மி.மீ. தள்ளியிருக்கும். இப்போது திரையில் 52 மி.மீ. பயணத் தொலைவில் ஓர் எதிரொலி எழுகிறது என்று கொள்வோம். 52-ஐ 60 பாகையின் கொசைன் மதிப்பான 0.5-ஆல் பெருக்கினால் 26 மி.மீ. வருகிறது, தகடே 20 மி.மீ.தான். எனவே ஒலி அடிப்பரப்பில் பட்டுத் தெறித்து மேலேறும் வழியில் அந்தப் பழுதைச் சந்தித்திருக்கிறது. தடிமனின் இருமடங்கான 40-இலிருந்து 26-ஐக் கழித்தால் பழுது மேற்பரப்பிலிருந்து 14 மி.மீ. ஆழத்தில், புரோப்பின் ஒலி வெளியேறும் புள்ளியிலிருந்து 45 மி.மீ. முன்னால் இருக்கிறது என்று தெரியும். பற்றவைப்பின் குறுக்குவெட்டு வரைபடத்தில் அந்தப் புள்ளியைக் குறித்த பிறகே அது என்ன பழுதாக இருக்கலாம் என்று பேசத் தொடங்க வேண்டும்.

கோடு உயரமாக எழுந்தால் பழுது பெரியது என்று பொருளா?

அப்படிக் கொள்வது தவறு. வழவழப்பான சிறு பழுது ஒலிக்கு நேர் எதிராக நின்றால் உயரமான எதிரொலியைத் தரும். சொரசொரப்பான பெரிய விரிசல் சற்றே திரும்பியிருந்தால் குள்ளமான எதிரொலியே வரும். ஆகவே உயரத்தை ஓர் ஒப்பீட்டுக்கு மட்டும் பயன்படுத்துகிறோம். அளவு தெரிந்த பக்கத்துளைகள் இட்ட மாதிரிக் கட்டையில் வெவ்வேறு தொலைவுகளில் எதிரொலியை எடுத்து, அந்த உச்சிகளை இணைத்து ஒரு வளைகோடு வரைந்து, பணியிடத்தில் வரும் எதிரொலி அந்தக் கோட்டுக்கு எத்தனை டெசிபல் மேலே அல்லது கீழே இருக்கிறது என்று பார்க்கிறோம். 6 டெசிபல் குறைந்தால் உயரம் பாதியாகிறது; 20 டெசிபல் குறைந்தால் பத்தில் ஒன்றாகிறது. பழுதின் நீளத்தை அறிய, புரோப்பை அதன் போக்கிலேயே நகர்த்தி, எதிரொலி பாதியாகும் இரு முனைகளையும் சாக்பீஸால் குறிப்பது வழக்கம்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானே செய்த பிழையைச் சொல்கிறேன். 16 மி.மீ. தகட்டில் ஒருபக்க வி வடிவப் பற்றவைப்பு. 60 பாகைப் புரோப். ரூட் என்று சொல்லும் அடிப்பகுதி, பயணத் தொலைவில் 32 மி.மீ.இல் இருக்க வேண்டும். பற்றவைப்பு நெடுகிலும் 33 மி.மீ.இல் அடர்த்தியான எதிரொலி வந்ததைக் கண்டு, ரூட் சேரவில்லை என்று எழுதி, அரை மீட்டர் நீளத்துக்குத் தோண்டியெடுக்கச் சொன்னேன். தோண்டிய இடத்தில் குறையற்ற உலோகம் இருந்தது. அடியில் பிதுங்கியிருந்த பற்றவைப்பு உலோகத்தின் வளைவிலிருந்துதான் அந்த எதிரொலி திரும்பியிருந்தது. ரூட்டில் உண்மையான விரிசல் இருந்திருந்தால் எதிரொலி 32-க்குள் வந்திருக்கும். பற்றவைப்பின் இரு பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே இடத்தைச் சுட்டியிருக்கும். பிதுக்கமோ, ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் பார்க்கும்போது நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்புறத்தைச் சுட்டும். மறுபக்கம் போய்ப் பார்க்க எனக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அந்த வெல்டர் ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் பற்றவைக்க உட்கார்ந்தார். அது திட்டியதைவிட உறைத்தது.

எதிரொலியே வரவில்லை என்றால் பொருள் நல்ல நிலையில் இருக்கிறது என்று சான்று தரலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால், இதைப் படியுங்கள். எதிரொலி வரவில்லை என்பதற்கு, 'இந்தக் கோணத்தில், இந்த இடத்திலிருந்து, இந்த உணர்திறனில் அனுப்பிய ஒலி எதன் மீதும் பட்டுத் திரும்பி வரவில்லை' என்பது மட்டுமே பொருள். பழுது இல்லாமல் இருக்கலாம். பழுது இருந்தும் ஒலியை வேறு திசையில் தெறித்திருக்கலாம். கப்ளண்ட் காய்ந்துபோயிருக்கலாம். கேபிள் அறுந்திருக்கலாம். நேர்ப் புரோப்பில் பின்சுவர் எதிரொலி நிற்கிறதா என்று கண் வைத்துக்கொண்டே நகர்வதற்குக் காரணம் இதுதான். அதுவும் காணாமல் போனால், ஒலி உள்ளே போகவில்லை அல்லது நடுவில் ஏதோ மறைக்கிறது.

தண்டவாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தின் உயரம் 172 மி.மீ., அடிப்பாதத்தின் அகலம் 150 மி.மீ., சக்கரம் ஓடும் தலையையும் பாதத்தையும் இணைக்கும் நடுத்தகட்டின் தடிமன் 16.5 மி.மீ. மட்டுமே. சக்கரம் ஓடும் மேற்பரப்பிலிருந்து அனுப்பும் ஒலி இந்தக் குறுகிய நடுத்தகட்டின் வழியாகத்தான் கீழே இறங்க முடியும் என்பதால், அது பாதத்தின் நடுப்பகுதியை மட்டுமே பார்க்கிறது. பாதத்தின் இரு சிறகுகளிலும் துருப்பிடித்து உண்டாகும் விரிசல்கள் மேலிருந்து செல்லும் ஒலிக்கு எட்டுவதில்லை. எவ்வளவு விலையுயர்ந்த கருவியாக இருந்தாலும் இதில் மாற்றம் இல்லை. அங்கே புரோப்பைத் தனியாகக் கையால் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மறைப்பும் ஒரு சிக்கல். இங்கிலாந்தில் ஹாட்ஃபீல்ட் என்ற இடத்தில் 2000 அக்டோபர் 17 அன்று விரைவு ரயில் ஒன்றின் அடியில் தண்டவாளம் 300-க்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறி, 4 பேர் இறந்தார்கள். தண்டவாளத் தலையின் உள்விளிம்பில் சக்கரங்கள் உருண்டு உருண்டு உண்டான களைப்பு விரிசல்களே காரணம். இந்த வகை விரிசல்கள் மேற்பரப்பை ஒட்டி நெருக்கமாக, மீன் செதில்போல் படுத்த நிலையில் தொடங்குகின்றன. படுத்திருக்கும் ஒரு விரிசல் ஒலியை மேலேயே தடுத்துவிட்டால், அதன் அடியிலிருந்து செங்குத்தாக இறங்கும் ஆபத்தான கிளை அதன் நிழலில் மறைந்துகொள்கிறது. ஹாட்ஃபீல்டில் விரிசல்கள் இருந்தது முன்பே தெரியும்; மாற்றப்பட வேண்டிய தண்டவாளம் உரிய காலத்தில் மாற்றப்படவில்லை. ஆகவே அந்த விபத்தின் பழியை யூ.டி.யின் மேல் போடுவது நியாயமன்று. ஆனால் மேற்பரப்பு கெட்டுப்போன தண்டவாளத்தில் அமைதியான திரையை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இந்திய ரயில்வேயில் தண்டவாளத்தை எப்படிச் சோதிக்கிறார்கள்?

தண்டவாளத்தின் மேல் சிறு தள்ளுவண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு ஊழியர்கள் நடந்துபோவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். வண்டியிலிருக்கும் தொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வரும். அதுதான் அங்கே கப்ளண்ட். கிடைமட்டப் பிளவுகளுக்கு 0 பாகைப் புரோப்பும், தலைக்குள் குறுக்காக வளரும் விரிசல்களுக்கு முன்னோக்கியும் பின்னோக்கியும் பார்க்கும் 70 பாகைப் புரோப்புகளும் அதில் இருக்கும். முன்னும் பின்னுமாக இரண்டு எதற்கு என்றால், குறுக்கு விரிசல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று முன்கூட்டியே தெரியாது.

லக்னோவிலுள்ள ரயில்வே ஆராய்ச்சி, தரநிர்ணய அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ. வெளியிடும் கையேட்டின்படி இந்தச் சோதனை நடக்கிறது. அடுத்த சோதனை எப்போது என்பதை நாட்காட்டி மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்தப் பாதையில் எத்தனை மில்லியன் டன் பாரம் ஓடியிருக்கிறது என்ற கணக்கே அடிப்படை. கண்ட பழுதை, உடனே அகற்ற வேண்டியது, கண்காணிக்க வேண்டியது என்று வகைப்படுத்தித் தண்டவாளத்தின் நடுத்தகட்டில் சிவப்புப் பெயிண்டால் குறியிடுகிறார்கள். உடனே அகற்ற வேண்டிய வகையானால் அது மாற்றப்படும் வரை அந்த இடத்தில் ரயில்கள் மணிக்கு 30 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக் கூடாது.

தலைக்குள் வளரும் அந்தக் குறுக்கு விரிசலுக்குப் பழைய வரலாறு உண்டு. 1911-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் மான்செஸ்டர் என்ற ஊருக்கு அருகே தண்டவாளம் உடைந்து ரயில் கவிழ்ந்து 29 பேர் இறந்தபோதுதான், வெளியே எந்தத் தடயமும் காட்டாமல் உள்ளேயே வளரும் இந்தப் பழுது முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. உருக்கில் கரைந்து தங்கிவிட்ட ஹைட்ரஜன் உண்டாக்கும் நுண்பிளவுகள் அதன் வித்து. உருக்கை வெற்றிடத்தில் வைத்து வாயு நீக்கும் முறை வந்த பிறகு அது வெகுவாகக் குறைந்துவிட்டது.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் யார்?

ஒருவர் பெயரைச் சொல்லிவிட முடியாது. முதல் உலகப் போரின்போது பால் லான்ஜவன் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டறியக் குவார்ட்ஸ் படிகத்தால் மீயொலியை எழுப்பினார். உலோகத்தின் பழுதைக் காண மீயொலியைப் பயன்படுத்தலாம் என்று 1920-களின் இறுதியில் சோவியத் ஒன்றியத்தில் செர்கே சகலோவ் முன்மொழிந்தார். ஒரு பக்கம் அனுப்பி மறுபக்கம் வாங்குவது அவருடைய முறை. ஒரே பக்கத்திலிருந்து துடிப்பை அனுப்பி எதிரொலியை வாங்கும் கருவிக்கு, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிளாய்ட் ஃபயர்ஸ்டோன் 1940-இல் விண்ணப்பித்து 1942-இல் காப்புரிமை பெற்றார். பிரிட்டனில் டொனால்ட் ஸ்ப்ரூல் போர்க்காலத்தில் தனியாகவே இதே முடிவை எட்டினார். நாம் இன்று பயன்படுத்துவது இவர்கள் இருவரின் வழிவந்த கருவி.

எக்ஸ்ரே எடுத்துவிட்டால் யூ.டி. தேவையில்லையே?

இரண்டும் வெவ்வேறு பழுதுகளைப் பார்க்கின்றன. வாயுத்துளை, கசடு போன்று பருமனுள்ள குறைகள் படச்சுருளில் தெளிவாக விழும். விரிசல் அப்படியல்ல; கதிர் அதன் தளத்தின் போக்கிலேயே சென்றால்தான் கோடாகத் தெரியும், சில பாகை விலகினாலே மறைந்துவிடும். அந்த விரிசலைத்தான் யூ.டி. நன்றாகக் காட்டும். தடிமன் கூடும்போதும் யூ.டி.யே பயன் தரும். தவிர, காமா கதிர்ப் படம் எடுக்கும்போது சுற்றுவட்டாரத்தை ஆளில்லாமல் செய்ய வேண்டும் என்பதால் அந்த வேலை பெரும்பாலும் இரவில் நடக்கிறது, யூ.டி.யில் கதிர்வீச்சு இல்லாததால் பக்கத்தில் வெல்டர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே சோதிக்கலாம். எக்ஸ்ரேக்கு உள்ள ஒரு மேன்மை, யார் வேண்டுமானாலும் பிறகு எடுத்துப் பார்க்கக்கூடிய படம் அது. சாதாரண யூ.டி.யில், பார்த்தவருடைய சொல்லைத் தவிர வேறு பதிவு இல்லை.

அந்தக் குறையைப் புதிய கருவிகள் போக்கிவிட்டனவா?

பெருமளவு போக்கியிருக்கின்றன. ஃபேஸ்டு அரே என்ற வகையில், ஒரே புரோப்பில் 16, 32, 64 என்று பல சிறு வில்லைகள் வரிசையாக இருக்கும். அவற்றை நுண்ணிய கால இடைவெளிகளில் அடுத்தடுத்து இயக்கி, புரோப்பை அசைக்காமலே ஒலிக்கற்றையைத் திருப்புகிறார்கள். கிடைக்கும் படம் சேமிக்கப்படுகிறது. மருத்துவமனை ஸ்கேனும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது.

டி.ஓ.எஃப்.டி. என்ற இன்னொரு முறை 1970-களில் பிரிட்டனின் ஹார்வெல் ஆய்வுக்கூடத்தில் மாரிஸ் சில்க் உருவாக்கியது. விரிசலின் முகத்திலிருந்து தெறிக்கும் ஒலியை நம்பாமல், அதன் மேல்முனையிலும் கீழ்முனையிலும் பட்டு விளிம்பு வளைவால் பரவும் மெல்லிய ஒலியை இது பிடிக்கிறது. இரு முனைகளிலிருந்தும் ஒலி வந்துசேரும் கால வேறுபாட்டிலிருந்து விரிசலின் உயரத்தைக் கணக்கிடலாம். சாய்வு எப்படியிருந்தாலும் முனைகள் எங்கும் போய்விடுவதில்லை என்பதுதான் இதன் அழகு. மேற்பரப்பை ஒட்டிய சில மில்லிமீட்டர் இதற்குத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எந்தப் பொருள்கள் யூ.டி.க்கு எளிதில் வசப்படுவதில்லை?

வார்ப்பிரும்பு முதல் எதிரி. அதிலுள்ள கிராஃபைட் செதில்கள் ஒலியைச் சிதறடிக்கின்றன. துருவேறா உருக்கின் பற்றவைப்பு அதைவிடச் சூழ்ச்சியானது. அதன் மணிகள் பருத்து, தூண்கள்போல் ஒரு திசையில் நீண்டு வளர்வதால் ஒலிக்கற்றை நேராகப் போகாமல் வளைந்து போகிறது. கணக்குப்படி பழுது ஓரிடத்திலும் உண்மையில் வேறிடத்திலும் இருக்கும். குறுக்கலையைக் கைவிட்டு, சாய்வாக அனுப்பிய நெட்டலையைக் கொண்டு அதைச் சமாளிக்கிறார்கள்.

ஒளியால் பார்க்கவே முடியாத இடத்தில் ஒலி கைகொடுப்பதும் உண்டு. அதிவேக ஈனுலைகளைக் குளிர்விக்கும் திரவ சோடியம் ஒளியை ஊடுருவ விடாது. கல்பாக்கத்திலுள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், சோடியத்துக்குள் மூழ்கி மீயொலியால் சுற்றிலும் பார்க்கும் ஸ்கேனரை அதற்காகவே உருவாக்கியது.

கான்கிரீட் தூணை இதே கருவியால் சோதிக்கலாமா?

இதே கருவியால் முடியாது. ஜல்லிகளின் அளவே 20 மி.மீ. இருக்கும்போது, மில்லிமீட்டர் அலைநீளம் உள்ளே சிதறிப்போகும். அதனால் 54 கிலோஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண்ணில், ஒரு பக்கம் அனுப்பி மறுபக்கம் வாங்கி, ஒலியின் வேகத்தை மட்டும் அளக்கிறார்கள். 1992-ஆம் ஆண்டின் இந்தியத் தரநிலை 13311, முதல் பகுதி, நொடிக்கு 4.5 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தை மிகச் சிறந்தது என்றும், 3.5 முதல் 4.5 வரை நல்லது என்றும், 3.0 முதல் 3.5 வரை நடுத்தரம் என்றும், அதற்குக் கீழே ஐயத்துக்குரியது என்றும் வகுத்தது. கம்பியின் போக்கிலேயே அளந்தால் உருக்கின் வேகம் கலந்து எண் உயர்ந்துவிடும். ஈரமான கான்கிரீட்டிலும் எண் உயரும். இந்த எண்ணைக் கொண்டு நேரடியாக வலிமையைச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஒரே கட்டடத்தின் பல தூண்களை ஒப்பிட்டு, எது கூட்டத்திலிருந்து விலகி நிற்கிறது என்று பார்ப்பதற்கே இது ஏற்றது.

துருப்பிடித்த குழாயின் தடிமனை அளக்கும்போது எங்கே பிழை நேர்கிறது?

இரண்டு இடங்களில், இரண்டும் ஆபத்தான பக்கமாகவே. பெயிண்டில் ஒலி உருக்கைவிட மிக மெதுவாகச் செல்வதால், 0.3 மி.மீ. பெயிண்டைக் கருவி ஏறக்குறைய 0.75 மி.மீ. உருக்காக எண்ணிக்கொள்ளும். அடுத்தடுத்த இரண்டு பின்சுவர் எதிரொலிகளுக்கு இடையே அளக்கும் வசதி இருந்தால் இந்தப் பிழை நீங்கும். அடுத்தது சூடு. உருக்கில் ஒலியின் வேகம் ஒவ்வொரு 55 டிகிரி செல்சியசுக்கும் சுமார் 1 விழுக்காடு குறைகிறது. 30 டிகிரியில் சரிசெய்த கருவியை 220 டிகிரிக் குழாயின் மேல் வைத்தால், 10 மி.மீ. சுவர் 10.3 மி.மீ.க்கும் அதிகமாகத் தெரியும். தேய்ந்த குழாய் தேயாததுபோல் அறிக்கையில் ஏறிவிடும்.

விரிசல் தானே எழுப்பும் ஒலியைக் கேட்க முடியுமா?

முடியும். பொருளைச் சுமையேற்றும்போது விரிசல் வளரும் ஒவ்வொரு கணமும் சிறு ஒலித்துடிப்பு வெளிப்படுகிறது. உடலெங்கும் ஒட்டிய உணரிகள் அதைப் பிடித்து, வந்துசேர்ந்த கால வேறுபாட்டைக் கொண்டு இடத்தைக் கணிக்கின்றன. ஒருமுறை தாங்கிய சுமையை மீண்டும் தாண்டும் வரை பொருள் பேசாமல் இருக்கும் என்பதை 1950-இல் ஜெர்மனியில் யோசஃப் கைசர் தம் ஆய்வேட்டில் காட்டினார். அழுத்தக் கலன்களின் சோதனையில் இது பயன்படுகிறது. வளராமல் தூங்கும் விரிசலை இது காட்டாது.

யாரிடம் சோதனையைக் கொடுப்பது? அறிக்கையில் எதைப் பார்ப்பது?

சோதிப்பவர்களின் தகுதியை வரையறுக்கும் ஐ.எஸ்.ஓ. 9712 அல்லது எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ முறைப்படி இரண்டாம் நிலைத் தகுதி பெற்றவர்தான் முடிவை விளக்கிக் கையெழுத்திடலாம். முதல் நிலையினர் அவருடைய கண்காணிப்பில் சோதிக்கலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியச் சிதைவிலாச் சோதனைக் கழகமும் இந்தத் தகுதிச் சான்றிதழ்களை வழங்குகிறது. சான்றிதழோடு அவருடைய அண்மைக் கண் பரிசோதனைத் தாளையும் கேளுங்கள், கேட்பவர்கள் குறைவு.

'சோதிக்கப்பட்டது, ஏற்கத்தக்கது' என்ற இரண்டு சொற்களோடு வரும் அறிக்கையை ஏற்க வேண்டாம். எந்தப் புரோப், எந்த அதிர்வெண், எந்தக் கோணம், எந்த மாதிரிக் கட்டையில் எத்தனை டெசிபலுக்குச் சரிசெய்யப்பட்டது, பற்றவைப்பின் இரு பக்கமும் பார்க்கப்பட்டதா, பரப்பு எப்படி இருந்தது என்பவை அதில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 'சோதிக்க இயலாத பகுதிகள்' என்று ஓர் இடம் ஒதுக்கி அதை நிரப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள். தாங்கி மறைத்த 40 மி.மீ., முனைக்குழாய் தடுத்த மூலை, எட்டாத அடிப்பக்கம் என்று எந்தக் கலனிலும் ஏதாவது ஒன்று இருக்கவே செய்யும். அந்த இடம் வெறுமையாக வந்தால் அறிக்கையைத் திருப்பி அனுப்பி, எழுதியவரையே கலனின் அருகில் நிற்கவைத்து, எங்கே புரோப் போகவில்லை என்று சாக்பீஸால் வரைந்து காட்டச் சொல்லுங்கள்.